ஆஸ்காரா, அரோவானாவா, கௌராமியா? சேலத்து வீட்டுக்கு எந்தப் பெரிய மீன்

கன்னங்குறிச்சியில் புது வீடு கட்டிக் குடிபோன தங்கச்சி மாப்பிள்ளை போன மாதம் போன் செய்தார். "மச்சான், ஹால்ல ஒரு மீன் தொட்டி வைக்கலாம்னு இருக்கோம். ஒரே மீனா இருந்தாலும் பரவால்ல, பார்க்க நல்லா பெருசா இருக்கணும். எதை வாங்கலாம், சொல்லுங்க." அவர் மனதில் இருந்தது ஆஸ்கார். அவருடைய அம்மாவுக்கு அரோவானா வேண்டும், வாஸ்துவுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏழு வயது மருமகனுக்கு ஷார்க். இதைக் கேள்விப்பட்டு ஏற்காட்டில் இருக்கும் பெரியப்பாவும், "எனக்கும் சேர்த்து ஒண்ணு பார்த்துச் சொல்லுடா" என்றார்.

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் 14 வருடமாகப் பெரிய மீன்கள் இருக்கின்றன. அவர்களுக்குச் சொன்னதை விரிவாக எழுதி வைத்தால் இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. கடைத் தொட்டியில் எல்லாக் குஞ்சும் விரல் நீளம்தான். சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பையில் வந்து இறங்கும்போது, ஓரடி வளரப் போகும் மீனும் நாலடி வளரப் போகும் மீனும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே விலையில் இருக்கும். அங்கே நின்று அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தவறாமல் சறுக்கும். மூன்றாம் வருடம் அது என்ன அளவில் இருக்கும், அப்போது வாரா வாரம் எத்தனை குடம் தண்ணீர் மாற்ற வேண்டும், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பின்பக்கமிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். தொட்டியின் அளவுக்கு ஏற்ற மாதிரி மீன் வளரும் என்று சொல்வார்கள். சிறிய தொட்டியில் வளர்ச்சி குன்றும், முதுகு வளையும், ஆயுசு குறையும். அதை ஏற்ற மாதிரி வளர்வது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இந்தக் கணக்கில் மருமகனின் ஷார்க் முதல் வரியிலேயே அடிபட்டுவிடுகிறது. கடையில் ஷார்க் என்று விற்பது சுறாவே இல்லை. மீகாங் ஆற்றுக் கெளுத்தி வகை அது, பங்கேசியஸ். மீன் மார்க்கெட்டில் பாசா என்று துண்டு போட்டு விற்கிறார்களே, அதே மீன். ஒரு மீட்டரைத் தாண்டி வளரும், கூட்டமாக நீந்திப் பழகியது, பயந்தால் கண்ணாடியில் போய் முட்டும். பிரானா என்ற பெயரில் வரும் சிவப்பு வயிற்றுக் குஞ்சுகள் பெரும்பாலும் பாக்கு, நம் ஊர் மார்க்கெட்டில் ரூப்சந்த். அதுவும் இரண்டடியைத் தாண்டும். சிவப்பு வால் கெளுத்தி நாலடி. இவை மூன்றையும் எந்த வீட்டுக்கும் நான் சொல்ல மாட்டேன்.

மிச்சமிருப்பவை அரோவானா, ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன், ஜயன்ட் கௌராமி. ஒவ்வொன்றாகப் பார்க்கும் முன் தண்ணீர், தரை இரண்டையும் பேசிவிடலாம். சேலத்தில் இந்த இரண்டும்தான் பாதி முடிவை எடுக்கின்றன.

நம்மிடம் இரண்டு தண்ணீர் உண்டு. குழாயில் வரும் மேட்டூர்க் காவிரி, அதாவது நல்ல தண்ணி. போரில் வரும் உப்புத் தண்ணி. நல்ல தண்ணியில் குளோரின் இருக்கும். டிரம்மில் பிடித்து ஒரு நாள் காற்று ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் கடையில் ஆன்ட்டி குளோரின் என்று தரும் சொட்டு மருந்து போதும். ஆனால் நல்ல தண்ணி தினமும் வராத தெருக்கள்தான் ஊரில் அதிகம், அதனால் பெரிய தொட்டி வைப்பவர் கடைசியில் போர் தண்ணிக்குத்தான் வந்து நிற்பார். அது கடினத் தண்ணீர். வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். எங்கள் தெரு போரில் பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், 8-க்கு மேல் காட்டுகிறது.

பி.எச். 8 என்றால் என்ன கெடுதல்? மீனின் கழிவில் வருவது அம்மோனியா. தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்று அவ்வளவாகத் தீங்கில்லாதது, மற்றது விஷம். பி.எச். 7 இருந்தால் விஷ வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8-க்குப் போனால் ஐந்தாறு பங்கு. 8.5 ஆனால் 15 பங்கைத் தாண்டிவிடும். வெயில் ஏற ஏற இன்னும் கூடும். ஆகவே, ஒரே அளவு தீனி போட்டு ஒரே அளவு அழுக்கு சேர்ந்தாலும், உப்புத் தண்ணியில் இருக்கும் மீனுக்கு ஆபத்து பல மடங்கு. சித்திரை மாதம் சேலத்துத் தொட்டிகளில் மீன் திடீரென்று செத்தால் வெயில் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். பல சமயம் வெயிலும் அழுக்கும் பி.எச்.சும் சேர்ந்து செய்த வேலை அது.

அப்புறம் தரை. ஒரு கன அடித் தண்ணீர் 28 லிட்டர், 28 கிலோ. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டியில் 450 லிட்டர். 10 மில்லிமீட்டர் கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 550 கிலோவைத் தாண்டும், அதுவும் எட்டு சதுர அடியில். வீட்டுத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கும் கணக்கில்தான் போடுவது வழக்கம். அந்தச் சுமை அறை முழுக்கப் பரவியது என்பதால் தொட்டி வைத்த உடனே எதுவும் நடந்துவிடாது. ஆனால் மாடியில் வைப்பதென்றால் பீமுக்கு மேல், சுவரை ஒட்டி வைக்க வேண்டும், வீடு கட்டிய இன்ஜினியரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மண் மேல் கான்கிரீட் போட்ட கீழ்த்தளத்தில் இந்தக் கவலை இல்லை. மாப்பிள்ளை வீட்டு ஹால் கீழே இருக்கிறது, அதுவரைக்கும் நிம்மதி.

சரி, அரோவானா.

அத்தைக்கு இது ஏன் பிடித்தது என்று எனக்குப் புரிகிறது. பெரிய பெரிய செதில், தாடையில் இரண்டு மீசை, மேல்மட்டத்தில் ஒரு வெள்ளிப் பட்டையை விரித்த மாதிரி நீந்தி வந்து, தொட்டி முனையில் உடம்பை அப்படியே மடித்துத் திரும்பும். அந்தத் திரும்பலைப் பார்த்துக்கொண்டே நான் இரவுச் சாப்பாட்டை மறந்த நாட்கள் உண்டு. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அமேசானின் வெள்ளி அரோவானா. சிவப்பும் தங்கமுமாக இருக்கும் ஆசிய அரோவானா வேறு இனம். 1975 முதல் அது சர்வதேச வணிகத் தடைப் பட்டியலின் முதல் இணைப்பில் இருக்கிறது, பண்ணையில் பிறந்து சான்றிதழும் மைக்ரோசிப்பும் உள்ளதை மட்டுமே விற்கலாம். நம் நாட்டில் வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு அதை வைத்திருப்பவர் பதிவு செய்யவும் வேண்டும். காகிதம் இல்லாமல் யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம்.

வெள்ளிக்குச் சட்டச் சிக்கல் இல்லை, இடம்தான் சிக்கல். மூன்றடி வளரும். மூன்றடி மீன் திரும்பவே மூன்றடி அகலம் வேண்டும். எட்டடிக்கு மூன்றடி, உயரம் இரண்டரையடி என்று தொட்டி கட்டினால் 1700 லிட்டர். வாரம் 30 சதவீதம் மாற்றினாலே 500 லிட்டர். அதோடு இது குதிக்கும் மீன். அமேசானில் தண்ணீருக்கு மேல் தொங்கும் கிளையில் இருக்கும் பூச்சியை எம்பிப் பிடித்துத் தின்று பழகியது.

2013-ல் எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. ஆறு அங்குலத்தில் வாங்கினேன், ஒன்றரை வருடத்தில் இரண்டடியைத் தொட்டது. தொட்டி ஐந்தடி. பெரியது கட்டலாம், கட்டலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மேலே கண்ணாடி மூடி இருந்தது. ஃபில்டர் குழாய் இறங்கும் மூலையில் மட்டும் ஒரு சாண் இடைவெளி. ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்தால் மொசைக் தரையில் கிடந்தது. செதில் மேல் தூசி ஒட்டியிருந்தது, உடம்பு காய்ந்து விறைத்திருந்தது. அந்தச் சாண் இடைவெளியை மூட ஒரு துண்டு பிளாஸ்டிக் வலை போதும், ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டது என் தப்பு. அதற்குப் பிறகு நான் அரோவானா வாங்கவில்லை. எட்டடித் தொட்டிக்குக் கீழ்த்தளத்தில் இடமும், தண்ணீர் தாராளமும் உள்ளவர்கள் வளர்க்கட்டும். மற்றவர்களுக்கு வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். அத்தையிடமும் இதைத்தான் சொன்னேன்.

ஆஸ்காருக்கு வருவோம். இதுவும் தென் அமெரிக்கா, அமேசான் பக்கம்தான். ஆனால் ஓரடியோடு வளர்ச்சி நின்றுவிடும். ஒன்று மட்டும் வளர்க்க நான்கடிக்கு இரண்டடிக்கு இரண்டடித் தொட்டி தாராளம். பத்து முதல் 15 வருடம் இருக்கும். வாலடியில் கண் போல ஒரு கறுப்புப் புள்ளி, சுற்றி ஆரஞ்சு வளையம்.

அழகை விட இதன் குணத்துக்காகத்தான் நான் இதைச் சொல்கிறேன். எங்கள் ஆஸ்காருக்கு இப்போது ஒன்பது வயது. வீட்டில் நாலு பேர் நடமாடினாலும், தீனி போடும் அம்மா சமையலறை வாசலைத் தாண்டும்போது மட்டும் கண்ணாடிக்கு வந்து உடம்பை ஆட்டும். கண் அம்மாவோடேயே போகும். மண்புழுவை விரலில் பிடித்து நீட்டினால் ஒரே உறிஞ்சு. மெல்லும்போது செவுள் வழியாகத் துகள் துகளாகத் தூள் பறக்கும். தொட்டியைக் கழுவி, கல்லை இடம் மாற்றி வைத்துவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் படுத்துக்கொள்ளும். முதல் முறை பார்த்தபோது செத்தே போச்சு என்று அம்மா பதறிவிட்டார். மறுநாள் காலையில் பசியோடு எழுந்து வந்தது.

ஆனால் இது அழுக்கு செய்கிற மீன், மென்று துப்பும் துகளே ஃபில்டரை அடைக்கும். மேலே நான் சொன்ன அம்மோனியாக் கணக்கு ஆஸ்காருக்கு அப்படியே பொருந்தும். மணிக்கு 2000, 2500 லிட்டர் ஓடும் ஃபில்டர், வாரம் தவறாமல் 40 சதவீதத் தண்ணீர் மாற்றம், அதாவது 180 லிட்டர். வாளியில் தூக்கினால் இரண்டு மாதத்தில் சலித்துவிடும். ஓஸ் போட்டுச் சன்னல் வழியாக வாழைக்கு விட்டுவிடுங்கள், எங்கள் வாழைத்தார் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. தண்ணீரைக் கவனிக்காமல் விட்டால் தலையில் சின்னச் சின்னக் குழி விழும். அழுக்குத் தண்ணீரும் சத்தில்லாத தீனியும் சேர்ந்தால் வருகிற நோய் அது. தீனிக்கு நல்ல பெல்லட், உரித்த இறால், மண்புழு போதும். உயிரோடு கோல்டுஃபிஷ் வாங்கிப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கோல்டுஃபிஷில் இருக்கும் ஒரு நொதி தயமின் என்ற வைட்டமின் பி1 சத்தை அழிக்கும், கூடவே கடைத் தொட்டியின் நோயும் வீட்டுக்கு வரும்.

கோடைக்கு ஒரு எச்சரிக்கை. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், சுடும். அதை நேராக மீன் தொட்டியில் திறந்துவிட்டால் மீன் அவ்வளவுதான். தண்ணீர் மாற்றுவதை விடியற்காலையில் செய்யுங்கள். தொட்டி 32 டிகிரியைத் தாண்டினால் மூடியை எடுத்து வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறி ஒன்றைத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஏர் பம்ப் ஓடியே ஆக வேண்டும். மாதாந்திர ஷட்டவுன் அன்று காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது என்பதை நினைவில் வைத்து, பம்பை இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். அன்றைக்குத் தீனியும் வேண்டாம்.

ஃப்ளவர்ஹார்ன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயற்கையில் இல்லாத மீன், 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கியது. நெற்றி மேட்டுக்காக வாங்குகிறார்கள். ஓரடிதான் வளரும், கடினத் தண்ணீர் இதற்கு ஒத்துப்போகும், அந்த வகையில் நம் உப்புத் தண்ணிக்கு ஆஸ்காரை விடவும் பொருத்தம். ஆனால் வேறு எந்த மீனையும் கூட விட முடியாது, கண்ணாடிக்கு வெளியே விரலைக் கண்டாலும் பாயும். பிடித்தவர்கள் வாங்கட்டும், எனக்கு மனம் ஒட்டவில்லை.

ஜயன்ட் கௌராமிதான் நம் ஊரில் யாரும் அதிகம் கேட்காத, நான் மிகவும் மதிக்கும் மீன். தென்கிழக்கு ஆசியா. இந்தோனேசியாவில் சாப்பாட்டுக்கே வளர்க்கிறார்கள். இரண்டடி வரை வளரும், 20 வருடத்துக்கு மேல் இருக்கும். செவுளுக்கு மேல் மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு, அதை வைத்து மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கும். கரண்ட் போன பகலில் ஆஸ்கார் திணறும்போது கௌராமி மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு இறங்கிவிடும். அதற்காக அம்மோனியா இதை விட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். தீனிச் செலவும் குறைவு, வள்ளைக்கீரை, முளைக்கீரை, ஊற வைத்த பட்டாணி, நறுக்கிய பீர்க்கங்காய், கனிந்த வாழைப்பழம் எல்லாம் தின்னும். கூடவே பெல்லட்டும் வேண்டும். ஆளையும் தெரிந்து வைத்துக்கொள்ளும். வளர வளர நெற்றியும் உதடும் தடித்து, ஒரு பெரியவர் முகம் வந்துவிடும்.

கண்ணாடித் தொட்டியில் வைத்தால் ஆறடி நீளம், இரண்டரையடி அகலம் வேண்டும். தண்ணீர் மட்டுமே 850 லிட்டர். அதை விட, வீட்டுப் பின்புறம் நிழலில் சிமெண்ட் தொட்டி கட்டிவிடுவதே நல்லது. செலவும் குறைவு, பக்கவாட்டில் ஒரு கண்ணாடி பதித்தால் பார்வைக்கும் ஆயிற்று. புதுச் சிமெண்டில் சுண்ணாம்பு கசியும், அதனால் நிரப்பி, நாலைந்து நாள் விட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி என்று மூன்று நான்கு தடவை செய்து, பி.எச். நின்ற பிறகுதான் மீன் விட வேண்டும். மேலே வலை கட்டாயம், பூனைக்கும் மீன்கொத்திக்கும்.

ஏற்காட்டுக் கதை வேறு. 1500 மீட்டர் உயரம், பனிக்காலத்து இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கும் ஊர். மேலே சொன்ன எல்லா மீனுக்கும் 24 முதல் 28 டிகிரி வரை இருந்தால்தான் நலம். பெரியப்பா வீட்டு முன்னறையில் 450 லிட்டர்த் தொட்டியை 26-ல் நிறுத்த, 300 வாட்ஸ் ஹீட்டர் இரண்டு வேண்டும். ஒரே பெரிய ஹீட்டர் வேண்டாம். அது பழுதாகி அணையாமல் ஓடினால் மீன் வெந்துவிடும், நின்றுபோனால் குளிரில் விறைத்துவிடும். தெர்மோகோல் ஒட்டினாலும் குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு 5 யூனிட் என்பது என் கணக்கு, இரண்டு மாத பில்லில் 300 யூனிட். மழைக்காலத்தில் மரம் விழுந்து மலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் பெரியப்பாவுக்கு நான் சொன்னது கோய் மீன். மற்றவை போல வெப்ப மண்டல மீன் அது இல்லை, ஏற்காட்டுக் குளிர் அதற்குப் பிடிக்கும், இரண்டடி வரை வளரும். காப்பிச் செடிகளுக்குப் பக்கத்தில் நாலடி ஆழத்தில் ஒரு குளம், மழைத் தண்ணீர் வழிந்து போக வலை வைத்த குழாய். "பெருசா இருக்கணும்னுதான கேட்டேன், சூடா இருக்கணும்னு கேட்கலையே" என்று ஒப்புக்கொண்டார்.

எதை வாங்கினாலும் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வளர்க்க முடியாமல் போனால் மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ காவிரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். கண்ணாடி துடைக்கும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விட்ட டாங்க் கிளீனர் கெளுத்தி இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி வலையைக் கிழிக்கிறது. 2023-ல் காஷ்மீரின் தால் ஏரியில் அமெரிக்காவின் முதலை வாய் மீன் ஒன்று சிக்கியது. வாங்கிய கடையிலோ, பெரிய தொட்டி உள்ளவரிடமோ கொடுத்துவிடலாம். வாங்கும்போதே, திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டில் கடைசியில் ஆஸ்கார்தான், ஒன்றே ஒன்று. இரண்டு வருடம் கழித்துக் கௌராமிக்குச் சிமெண்ட் தொட்டி என்று பின்புறத்தில் இடம் பார்த்து வைத்திருக்கிறோம். தொட்டி வந்து மூன்று வாரமாகிறது. நல்ல தண்ணி பாதி, போர் தண்ணி பாதி. எங்கள் ஃபில்டரிலிருந்து பிழியாத ஸ்பாஞ்சு ஒன்றைக் கொண்டுபோய் வைத்து, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு, அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர் வளரக் காத்திருக்கிறோம். அம்மோனியாவும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற இன்னொரு விஷமும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். மருமகன் தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சோதனைக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அட்டையோடு நிறம் சேர்த்துப் பார்த்து எனக்குப் போன் செய்கிறான். நேற்று, "மாமா, பச்சை போயிடுச்சு, இப்ப இளம் மஞ்சள்" என்றான். ஷார்க் பற்றி அவன் ஒரு வாரமாகப் பேசவில்லை.